ஏலம் போன திண்ணை

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் அது தெளுவு, அதாவது பதநீர். தடவாத கலயத்தில் வடிந்தால் கள். மரம் அதேதான், பாளை அதேதான், ஏறுகிறவரும் அவரேதான். சென்னை மாகாணத்து ஆப்காரி என்னும் மதுவரித் துறை தன் சட்டம், சிப்பந்தி, அபராதம் அத்தனையையும் இந்த வெள்ளைப் பூச்சின் மேல்தான் நிறுத்தி வைத்திருந்தது. 1886-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள் இறக்கும் மரத்துக்கு மரம் வரி போட்டார்கள். எந்த மரம் என்று தெரிவதற்கு அடையாளமும் இட்டார்கள். இறக்கிய கள்ளை விற்கும் உரிமையோ தனி. கடை கடையாக அதை ஏலத்தில் விட்டார்கள், ஆண்டுக்கு ஒருமுறை. நில வரிக்கு அடுத்தபடியாக மாகாணத்தின் கஜானாவை நிரப்பியது இந்த வருமானம்தான். அந்த ஏற்பாட்டின் ஒரு விளைவைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். கோயம்புத்தூர், ஈரோடு, காங்கேயம், தாராபுரம், திருச்செங்கோடு என்று பனை நிறைந்த கொங்கு நாட்டில், ஊரார் மாலையில் கூடி உட்காரும் பொதுக்கூடமாகக் கள்ளுக்கடை ஏன் வளரவில்லை? இங்கிலாந்துக் கிராமத்தின் பப் அப்படி வளர்ந்தது. நம் ஆட்களின் குணம் காரணம் என்பார் சிலர். கள்ளின் குணம் என்பார் வேறு சிலர். ஏலம்தான் முதல் காரணம் என்பது என் வாதம்.

இங்கிலாந்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கும் தொடக்கம் நம்முடையதைப் போலத்தான். ஏல் என்னும் பழைய வாற்கோதுமைப் பானம் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் அது ஊரைவிட்டு ஊர் போகவில்லை. பெரும்பாலும் வீட்டுப் பெண்களே காய்ச்சினார்கள். தேவைக்கு மிஞ்சியதை வாசலில் விற்றார்கள். ஏல் விற்கும் வீட்டுக்கு முன்னால் அடையாளப் பலகை இருக்க வேண்டும் என்று 1393-இல் இரண்டாம் ரிச்சர்டு காலத்தில் விதி வந்தது. காய்ச்சியதைச் சோதிக்கும் அதிகாரிக்கு வீடு தெரிய வேண்டுமே! திருப்பமாக அமைந்தது 1552-ஆம் ஆண்டுச் சட்டம். ஏல் கடை நடத்த இரண்டு நீதிபதிகளின் உரிமம் வேண்டும், தன் வீட்டில் ஒழுங்கு கெடாது என்று நடத்துபவர் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது அது. உரிமம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு. வீட்டில் அடிதடி நடந்தால் உரிமம் போய்விடும். நடக்காவிட்டால் புதுப்பித்துக்கொண்டே போகலாம், மகனுக்கோ மனைவிக்கோ கைமாறலாம். ஆகவே கடைக்காரருக்கு அந்த அறையின் மேல் அக்கறை வந்தது. குளிருக்குக் கணப்பு, உட்கார மரப்பலகை, சுவரில் அம்பெறியும் வட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மதுவிலும் அவர்கள் ஒரு வேறுபாடு பார்த்தார்கள். ஜின் என்னும் காய்ச்சி வடித்த சாராயம் லண்டன் ஏழைகளை அழித்துக்கொண்டிருந்தபோது, ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751-இல் இரண்டு படங்களை ஜோடியாக வெளியிட்டார். ஜின் சந்தில் சாவும் பசியும். பியர் தெருவில் வேலையும் செழிப்பும். பிரச்சாரப் படம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரச்சாரம் சட்டத்துக்குள்ளும் வந்தது. 1830-இன் பியர்க்கடைச் சட்டத்தின்படி இரண்டு கினி கட்டணம் செலுத்தும் வரி கட்டும் குடும்பத்தலைவர் யாரும் தம் வீட்டில் பியர் விற்கலாம். மக்களை ஜின்னிலிருந்து பியருக்குத் திருப்புவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான வீட்டு முன்னறைகள் பப்பாயின.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலக் கிராமத்துப் பப்பை ஒரு சொர்க்கமாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் தமக்குப் பிடித்த பப்பைப் பற்றி அங்குலம் அங்குலமாக எழுதிவிட்டு, கடைசியில் அப்படி ஒரு பப் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பையே பிற்காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் தன் பல கடைகளுக்குப் பெயராக வைத்துக்கொண்டது. ஏக்கத்துக்கும் சந்தை உண்டு.

கொங்கு நாட்டுக்கு வருவோம். மழை குறைந்த மேட்டு நிலம். வரப்பிலும், கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு ஓரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் மரம் பனை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை. பனை ஏறுவது பெரும்பாலும் நாடார் சமூகத்தவரின் தொழில். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, தோளில் குடுவை. பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் ஏறி நுனியை மெல்லச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை அடைத்துக்கொள்ளும். வெயில் காலத்தின் சில மாதங்களே பருவம். காலையில் இறக்கிய கள் பகலுக்குள் புளிப்பேறும். இரண்டாம் நாள் அது கள்ளே அல்ல, காடி. வீரியமும் ஏறக்குறைய பியர் அளவுதான். வைத்திருந்து விற்க முடியாது, வண்டியில் ஏற்றித் தூர ஊருக்கு அனுப்பவும் முடியாது. பழைய ஏலைப் போலவே இது ஊரோடு கட்டுண்ட பானம். பண்ணையாள் வேலை முடிந்து குடித்தான். சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர் விற்ற காசோடு குடித்தார். கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் படையலில் அதுவே வைக்கப்பட்டது. சங்க காலத்திலேயே தமிழர் கள் குடித்தார்கள் என்று ஔவையையும் அதியமானையும் கூப்பிட்டு வருவது இந்த இடத்தில் வழக்கம். எனக்கு அது தேவைப்படவில்லை. பப் போன்ற ஒன்று வளர்வதற்கான பொருள் இங்கே இருந்தது என்பது மட்டும் போதும்.

இனி கடையை ஏலம் எடுத்தவரின் கணக்கைப் பார்க்கலாம். ஏலத்தொகை, மர வரி, ஏறுகிறவருக்குக் கொடுக்க வேண்டியது, இவை எல்லாவற்றையும் அவர் அந்த ஓராண்டுக்குள் எடுத்தாக வேண்டும். அடுத்த ஏலத்தில் கடை தமக்கே கிடைக்கும் என்று உறுதியில்லை; நன்றாக ஓடிய கடை என்று தெரிந்தால் எதிராளி இன்னும் கூட்டிக் கேட்பார். அப்படியிருக்க யார் சுவர் எழுப்புவார்கள்? யார் பலகை போடுவார்கள்? இவர் கட்டிய திண்ணையில் அடுத்த ஆண்டு உட்கார்ந்து காசு எண்ணப் போவது போட்டியாளர். ஆகவே நான்கு கழி, மேலே ஓலை, உள்ளே மொடா, ஓரத்தில் அவித்த சுண்டலோ வறுத்த மீனோ விற்கும் ஒரு பாட்டி. அவ்வளவுதான் கடை. குடிக்கிறவரை நெடுநேரம் உட்கார வைத்துப் பேச விடுவதைவிட, சீக்கிரம் நிறைய ஊற்றி அனுப்புவதே அவருக்கு லாபம். தண்ணீர் கலப்பதும், கடனுக்கு ஊற்றி அறுவடையில் தானியமாக வசூலிப்பதும் அந்த ஓராண்டுக் கணக்கின் பிள்ளைகளே. குறைந்த குடி, நிறைந்த வருமானம் என்று அரசாங்கம் தன் ஆப்காரிக் கொள்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அதற்கு வழியாக ஏலத்தைக் கண்டுபிடித்தவர்கள், ஏலம் எடுத்தவனின் லாபம் எதில் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்புதான். அல்லது வியப்பில்லை, கஜானாவுக்கு வந்து சேர்ந்த தொகை அந்தக் கேள்வியைக் கேட்க விடவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கொங்கு நாட்டின் ஊரமைப்பே வேறு. ஆங்கிலக் கிராமம் ஒரு புல்வெளியைச் சுற்றி நெருக்கமாக அமைந்தது. தேவாலயமும் பப்பும் எதிரெதிரே நிற்கும். இங்கேயோ குடியானவர் குடும்பம் பல இடங்களில் ஊரைவிட்டுத் தள்ளித் தன் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருக்கிறது. கிணறும் கட்டுத்தறியும் அங்கேதான். இரவில் நடந்து வந்து உட்கார ஊர் நடுவில் ஒரு அறை எதற்கு? ஏற்கத்தக்க மறுப்புதான், பாதியளவுக்கு. தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் கூடாமல் இருந்துவிடவில்லை. பொள்ளாச்சி, குன்னத்தூர்ச் சந்தைகளும், கண்ணபுரம் மாட்டுச் சந்தையும், அவிநாசித் தேரும், அந்தியூர்க் குதிரைச் சந்தையும் எதற்காக? கூடுவதற்குக் கிழமை குறித்து வைத்திருந்தார்கள். சந்தைக் கிழமைக்கு ஏற்ற ஒரு கூடம், வழிப்போக்கர் சத்திரம்போல், வளர்ந்திருக்கலாம். இங்கிலாந்திலும் சந்தை ஊர்களின் பப்புகள் அப்படித்தான் பெருத்தன. ஊரமைப்பு அந்த அறையின் இடத்தை மாற்றியிருக்கும். அறையே இல்லாமல் செய்ததற்கு அது மட்டும் காரணமாகாது.

1920-களில் வந்த அரசியல், கடையை மேம்படுத்துவதா மூடுவதா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின் குறி அரசின் வருவாய். ஆப்காரி அதில் எளிதாகத் தாக்கக்கூடிய பகுதி. 1921-இல் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஈரோட்டில் ஈ.வெ.ராமசாமி கள்ளுக்கடை மறியலை நடத்திச் சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். சேலம் தாதம்பட்டித் தோப்பில் தம் தென்னைகளை அவர் வெட்டச் சொன்னது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. மரத்துக்கு வரி போட்ட அரசை எதிர்க்க மரத்தையே சாய்ப்பது என்பது அந்த வரிவிதிப்பு முறையை அவர் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது. 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரோடு மதுவிலக்கும் அங்கே முழுநேர வேலை. மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக வேலை பார்த்தவர் கல்கி. பிறகு ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1 அன்று நாட்டுக்கு முன்னோடியாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது அவருடைய சேலம் மாவட்டத்தில்தான். திருச்செங்கோடும் நாமக்கல்லும் அப்போது அதற்குள் இருந்தன. போகும் வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவுக்கே அது புதுமை. குடிக்காதவரும் கட்டும் வரியாக அது இன்றுவரை வேறு பெயர்களில் தொடர்கிறது. அது ஈடுகட்ட வந்த மது வருமானமும் பின்னாளில் திரும்பி வந்துவிட்டது. இரண்டும் ஒருசேரக் கிடைத்த அரசு எதையும் விட்டுக்கொடுக்காது என்பதை ராஜாஜி எதிர்பார்த்திருப்பாரா தெரியவில்லை. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது; 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதும் வந்து முடிந்தது.

மதுவிலக்கைப் பழிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அது எளிதாக வரவில்லை. கள்ளுக்கடை ஏன் நல்ல அறையாகவில்லை என்று வருந்துகிற கட்டுரையாளனைப் பார்த்து ஒரு பெண் கேட்கக்கூடிய கேள்வி இருக்கிறது: அந்த அறையில் எனக்கு இடம் எங்கே? கூலி முழுதும் மொடாவுக்குள் போன வீட்டில் அடுப்பு எரிந்ததா? 1921-இல் ஈரோட்டில் இரண்டு பெண்கள் முன்னால் நின்றதும், 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாமென்று பெண்கள் சாலையில் இறங்கிப் போராடியதும் ஒரே கேள்வியின் இரண்டு வடிவங்கள். இங்கிலாந்திலும் இதே கேள்வி எழுந்தது. முழு மதுவிலக்கு உறுதிமொழி அங்கே 1832-இல் பிரஸ்டன் நகரத்துத் தொழிலாளர்களிடமிருந்து கிளம்பியது, கனவான்களிடமிருந்து அல்ல. ஆகவே குடியே வேண்டாம் என்று முழுமையாகச் சொல்பவரோடு எனக்கு வழக்கு இல்லை. அந்த நிலை தன்னளவில் நேரானது. ஆனால் தமிழ்நாடு பின்னாளில் எடுத்த நிலை அதுவல்ல. 1971-இல் கடைகளைத் திறந்தது. 1973, 74-இல் கள்ளுக்கடையையும் சாராயக் கடையையும் மூடியது. 1981-இல் மறுபடி திறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளையும் சாராயத்தையும் சேர்த்து மூடியது. பாட்டில் மது மட்டும் நின்றது. சீமைச் சரக்கு என்று சொல்லப்படும் அந்த இந்தியத் தயாரிப்பில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். ஹோகார்த்தின் இரண்டு தெருக்களில் பியர் தெருவை அடைத்து ஜின் சந்தினைத் திறந்துவிட்ட மாதிரி. பெண்களின் கேள்விக்கு இது எந்த வகையில் பதில்? கள்ளுக்கு எதிராகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு காரணமும் பாட்டிலுக்கு எதிராக அதைவிடப் பலமாகப் பொருந்தும். பாட்டிலுக்கு ஆதரவாக இருந்தது ஒன்றே: அது கெடாது. ஆலையில் நிரப்பி, கணக்கெழுதி, லாரியில் ஏற்றி, மாநிலத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். வரி வசூலிப்பவருக்கு மரம் மரமாக ஏறி இறங்கும் வேலை மிச்சம். 1971-க்கும் 1987-க்கும் இடையில் கள்ளுக்கடைக்குக் கிடைத்த ஆயுளையும் பாருங்கள். முதலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு, பிறகு ஐந்தரை ஆண்டு. ஏலம் தந்த ஓராண்டு நிச்சயமின்மையோடு சட்டத்தின் நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டது. அதே 1971-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், ஆலை பியர் பழைய பீப்பாய் ஏலை விழுங்குகிறதே என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அது கிராமத்துப் பப்புகளுக்கும் பரிந்து பேசும் பெரிய அமைப்பாக இன்றும் இருக்கிறது.

சாதியைப் பற்றிப் பேசாமல் இங்கே பொதுக்கூடம் பற்றிப் பேச முடியாது. கவுண்டரும் அருந்ததியரும் ஒரே பலகையில் உட்கார்ந்து குடித்திருப்பார்களா? மாட்டார்கள். தோட்டக்காரருக்கு வேண்டிய கள் சாளைக்கே வந்துவிடும். கடை வாசலில் நின்றது உழைப்பவர் கூட்டம். பின்னால் வந்த டீக்கடையிலேயே இரட்டைக் குவளை வைத்த வட்டாரம் இது. கோவைப் பகுதியில் அதை எதிர்த்துப் பெரியார் இயக்கத்தார் பல முறை போராட வேண்டியிருந்தது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தை உடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆங்கிலப் பப்பும் பாகுபாட்டோடுதான் வளர்ந்தது. தொழிலாளிக்கு ஓர் அறை, காசுள்ளவருக்கு மெத்தை போட்ட வேறோர் அறை, பரிமாறுகிறவன் முகம்கூடத் தெரியாதபடி கண்ணாடித் தடுப்பு. தடுப்புச் சுவர் இருந்த அறையில் பிற்காலத்தில் சுவரை இடிக்க முடிந்தது. இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட முடிந்ததும் டீக்கடை என்று ஒன்று நிலையாக அங்கே இருந்ததால்தான். ஓலைக் கொட்டகை அடுத்த ஆண்டு வேறு இடத்துக்குப் போய்விடும்; அதில் எந்தச் சுவரை யார் இடிப்பது?

ஏலம் கேரளத்திலும் இருந்ததே, அங்கே கள்ளுக்கடை நிலைத்துவிட்டதே என்று கேட்கலாம். வாளையாறு தாண்டினால் போதும், கள்ளு ஷாப்பின் பெயர்ப்பலகை தெரிகிறது. அங்குள்ள பாலக்காட்டு மாவட்டத்தின் சிற்றூர்த் தென்னந்தோப்புகள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்புகின்றன. கோயம்புத்தூரிலிருந்து மீன்கறிக்காகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவில்லை. மறுப்பு சரியான இடத்தைத் தொடுகிறது. ஆனால் என் பக்கமே சாய்கிறது. அங்கே ஏலத்தின் மேல் வேறு சில கனமான பொருள்கள் ஏறி உட்கார்ந்தன. கள் இறக்கும் தொழிலாளர்களின் சங்கங்கள் வலுவாக இருந்தன. 1969-இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. கடைக்காரர் மாறினாலும் கடையோடு கட்டுண்ட தொழிலாளர் மாறவில்லை, கடை தொடர்ந்து இருப்பதில் அவர்களுக்கு உரிமையும் நலனும் இருந்தன. 1996-இல் கேரளம் சாராயத்தை மட்டும் தடை செய்துவிட்டுக் கள்ளை விட்டுவைத்தது. தமிழ்நாடோ 1987-இல் இரண்டையும் சேர்த்தே மூடியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் 1970-களில் மரமேறும் தொழிலாளரின் பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகித் தவறணை என்னும் கள்ளுக்கடைகளை நடத்தத் தொடங்கின. கதவின் சாவியை நெடுநாள் வைத்திருக்க ஒருவர் இருந்தார், அது சங்கமாகவே இருந்தாலும்.

அரசே சாவியை வைத்துக்கொண்டால்? அதற்கும் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. நம் நாட்டு நிலைமையோடு ஒப்பிட அதுவே மிகப் பொருத்தம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரின்போது கார்லைல் நகரத்துக்குப் பக்கத்தில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. வேலையாட்கள் குடித்துவிட்டு வெடிமருந்தைக் கையாண்டால் என்ன ஆகும்? 1916-இல் அரசு அந்த வட்டாரத்தின் மது ஆலைகளையும் பப்புகளையும் விலைக்கு வாங்கிவிட்டது. பல கடைகளை மூடியது. மிச்சமிருந்தவற்றுக்குச் சம்பள மேலாளர்களை அமர்த்தி, மது எவ்வளவு விற்றாலும் அதில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்றது. உணவு விற்றால் உண்டு. ஹாரி ரெட்பெர்ன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிய பப்புகளைக் கட்டியது. நின்றுகொண்டு குடிக்கும் இடத்தைக் குறைத்து, உட்காரும் இடத்தைக் கூட்டி, உணவறையும் வெளியே பந்து விளையாடும் புல்தரையும் வைத்தார்கள். போர் முடிந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது நடந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் தனியாருக்கு விற்றார்கள். இதன் பக்கத்தில் டாஸ்மாக்கை வைத்துப் பார்க்கலாம். 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தனதாக்கிக்கொண்டது. 2023-24-இல் மாநிலத்துக்கு அதன் வழியாக வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பாட்டில் விற்கும் கடை அரசுடையது. விற்பவர் அரசு நிறுவனத்தின் ஊழியர். பாட்டிலைத் திறந்து குடிக்கும் இடத்துக்கு வந்தால் அங்கே அரசு இல்லை. அது பார், டெண்டரில் எடுத்தவருடையது. அவர் கையில் இருப்பது நொறுக்குத்தீனி விற்கவும் காலிப் பாட்டில் சேகரிக்கவுமான உரிமை, அதுவும் காலக்கெடுவோடு. கார்லைலில் அரசு மதுவின் லாபத்தை மேலாளரிடமிருந்து பிரித்து, அறையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. நாம் லாபத்தை வைத்துக்கொண்டு அறையைக் கைகழுவினோம். தகரக் கூரை, பிளாஸ்டிக் டம்ளர், கழுவாத தரை, சுவரோரத்தில் நின்றபடி ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு வெளியேறும் ஆள். கோவை, திருப்பூர்ப் புறநகரில் இதைப் பார்க்கிறவர்கள் தமிழனுக்குக் குடிக்கத் தெரியவில்லை என்று முகம் சுளிக்கிறார்கள். அவரை உட்கார வைப்பதில் அங்கே யாருக்கும் எந்த லாபமும் இல்லை என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. 1886-இன் ஏலக்காரர் ஓலை போட்டார், இன்றைய டெண்டர்காரர் தகரம் போடுகிறார்.

ஊர் கூடும் இடம் இல்லாமல் கொங்கு நாடு இருந்துவிட்டதா என்றால், இல்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்டது டீக்கடை, அதன் வளர்ந்த வடிவமான பேக்கரி. தேயிலை வரிக் குழு 1903-இலிருந்தும், அதன் வாரிசான சந்தை விரிவாக்க வாரியம் 1937-இலிருந்தும் இந்தியரைத் தேநீர் குடிக்க வைக்கப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. கள்ளுக்கடை மூடிய அதே பத்தாண்டுகளில்தான் டீ சிற்றூர்களுக்குள் நுழைந்தது. ஆனைமலை எஸ்டேட்டுகள் பக்கத்திலேயே இருந்தன. பஞ்சாலை ஷிப்டு மாறும் நேரமும், விசைத்தறி நிற்காத இரவும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் இடைவேளையும் கடையைத் திறந்தே வைத்தன. மற்ற மாவட்டங்களில் பேக்கரி என்றால் கேக் வாங்கிக்கொண்டு போகும் கடை. கோவைப் பக்கம் அது உட்காரும் இடம். முன்னால் பாய்லர், கண்ணாடிப் பெட்டியில் முட்டை பப்ஸும் தேங்காய் பன்னும், உள்ளே மேசை நாற்காலி, கை கழுவும் தொட்டி, பேப்பர். நிலத் தரகு, ஜாப் ஒர்க் பேச்சு, சீட்டு, கட்சி, பெண் பார்க்கும் விவரம் எல்லாம் அங்கே நடக்கின்றன. குடும்பத்தோடு பெண்களும் வந்து உட்காருகிறார்கள். பழைய கள்ளுக்கடையோ பழைய பப்போ இதைத் தந்ததில்லை. இந்த அறை எப்படி வளர்ந்தது? கடைக்காரர் நெடுங்கால வாடகைக்கோ சொந்த இடத்திலோ நடத்துகிறார், மகன் தொடர்கிறார், போட்ட நாற்காலி தன்னிடமே இருக்கும் என்று தெரிகிறது. மதுவே இல்லாமல் பப்பின் வேலை நடக்கிறது என்பதால், கூடத்தை உண்டாக்குவது பானம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, இன்றைய கோரிக்கை. கள்ளை மீண்டும் அனுமதிக்க வேண்டும் என்று செ.நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் ஈரோட்டுப் பக்கமிருந்து நெடுங்காலமாகப் போராடுகிறது. கள் உணவு, போதைப்பொருள் அல்ல என்பது அதன் மையமான வாதம். போதைதரும் மதுவை விலக்க முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்வதால் அந்த வாதம் தேவைப்படுகிறது. ஆனால் அதிலேயே விவாதம் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. புளித்த கள்ளில் போதை உண்டு என்பதை மறுத்து எவ்வளவு தூரம் போக முடியும்? 2017-இல் தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்கிக் கொள்ள அரசு அனுமதித்தது. அது குளிரூட்டலையும் பதப்படுத்தலையும் நம்பிய பானம். பொள்ளாச்சித் தோப்புக்கு ஒரு வருமானமாகலாம், ஊருக்கு ஓர் அறையாகாது. கள்ளைத் திறப்பதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் முடிந்த முடிவு இல்லை. பெண்களின் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. திறப்பதானால் கேட்க வேண்டியவை சில உண்டு. உரிமம் மரத்துக்கா, கடைக்கா, ஆளுக்கா? எத்தனை ஆண்டுக்கு? மரம் ஏறுகிறவரின் கூட்டுறவுக்கா, அதிகத் தொகை கேட்டவருக்கா? கடை வைக்கும் ஊரின் பெண்கள் அதை ரத்து செய்ய முடியுமா? ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் மேடைகளில் கள்ளின் சத்தைப் பற்றியும் தீமையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குத்தகை விதிகளைப் பற்றி ஒரு தரப்பும் வாய் திறக்கவில்லை.